முதுமையை அளக்கும் கோல்: ஊவாத் தோட்டத்து மூத்தோரும் மறதி நோய் ஆராய்ச்சியும்

சங்கப் புலவருள் ஒருவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. முதுமையைப் பற்றி அவர் பாடிய பாட்டில் வரும் ஊன்றுகோலையே பெயராகச் சூட்டி, தொடித்தலை விழுத்தண்டினார் என்று தமிழுலகம் அவரை அழைத்து வருகிறது. புறநானூற்றின் 243ஆம் பாடல் அவருடையது. கரையில் நிற்போர் வியக்க மடுவிலே பாய்ந்து, அடிமணலை அள்ளிக் காட்டிய இளமையை அதில் ஒரு கிழவர் நினைத்து இரங்குகிறார். இப்போதோ கோலின்றி நடக்க இயலவில்லை. இருமல் குறுக்கிடுவதால் பேச்சும் தொடர்ந்து வரவில்லை. உடல் தளர்ந்துவிட்டது, நினைவு தளரவில்லை.

உடலின் தளர்ச்சி ஒன்று. அறிவின் தளர்ச்சி மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே ஒருவர் மனநிறைவோடு வாழ்கின்றாரா என்பது மூன்றாவது. முதுமையைப் பற்றி இன்று உலகெங்கும் நடைபெறும் ஆராய்ச்சிகளுட் பெரும்பாலானவை இந்த மூன்றையுமே சுற்றி நிற்கின்றன. ஆராய்ச்சி என்றவுடன் அது நமக்கு எட்டாத தூரத்து விஷயம் என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. 1981ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 6.6 பேர், 2012இல் அத்தொகை 12.4 ஆயிற்று. முப்பத்தோராண்டில் ஏறக்குறைய இரட்டித்துவிட்ட இம்மூத்தோருள், பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை, பண்டாரவளைப் பகுதிகளின் தேயிலை மலைகளில் நாற்பதாண்டு, ஐம்பதாண்டு கூடை சுமந்து ஓய்ந்தவர்களும் இருக்கின்றனர். அவர்களுடைய அறிவையும் உடலையும் எந்தக் கோலால் அளப்பது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

அறளை பெயர்தல்

மூப்பிலே நினைவு தடுமாறுவதை யாழ்ப்பாணத்தார் ‘அறளை பெயர்தல்’ என்பர். மருத்துவ நூலார் இதனை டிமென்ஷியா என்கின்றனர். தமிழில் மறதி நோய் எனலாம். மூளையின் உயிரணுக்கள் படிப்படியாகச் சிதைவதாலோ, மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் கெடுவதாலோ இது விளைகிறது. இது வயதின் இயல்பான பகுதி அன்று, நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகில் 5 கோடியே 70 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். அவர்களில் நூற்றுக்கு அறுபதின்மருக்கு மேற்பட்டோர் வருவாய் குறைந்த நாடுகளையும் நடுத்தர நாடுகளையும் சேர்ந்தவர்கள்.

இயல்பான மறதிக்கும் நோய்க்கும் வேறுபாடு உண்டு. சுருக்குப் பையை எங்கே வைத்தோம் என்று அப்பாயி தேடுவது இயல்பு. உண்ட சோற்றை உண்ணவில்லை என்று சாதிப்பதும், அடுப்பில் வெறுங் கேத்தலை வைத்துவிட்டு அகல்வதும், நாற்பதாண்டு நடந்த குறுக்குப் பாதையில் வழி தெரியாது நிற்பதும் இயல்பல்ல.

பென்சில் பிடியாத விரல்கள்

இந்த நோயைக் கண்டறிய மருத்துவர்கள் சில வினாத் தாள்களைக் கையாளுகின்றனர். அவற்றுட் பெயர் பெற்றது 1975இல் அமெரிக்காவில் போல்ஸ்டீன் என்பாரும் துணைவரும் வகுத்த 30 புள்ளித் தேர்வு. இன்று என்ன திகதி, எத்தனையாவது மாடியில் இருக்கிறீர்கள் என்று அது கேட்கும். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லும். ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும். ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்லும். கனடாவின் மொன்றியல் நகரில் உருவாகி 2005இல் வெளியான மற்றொரு தேர்வு, கன உருவம் ஒன்றை வரையச் சொல்கிறது. மணிக்கூட்டின் முகத்தை வரைந்து பதினொன்றேகால் ஆவதற்கு ஐந்து நிமிடம் முந்திய நேரத்தைக் காட்டச் சொல்கிறது. சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம் ஆகியவற்றின் படங்களுக்குப் பெயர் கேட்கிறது.

இவ்வினாக்களை மடுல்சீமைப் பக்கத்து லயன் ஒன்றிலுள்ள எழுபத்தைந்து வயது அம்மாயி ஒருத்தியின் முன் வைத்துப் பாருங்கள். அவள் பிறந்த காலத்தில் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவள் இனத்தாரிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக ஆக்கியிருந்தது. அவளுக்கு எட்டிய தோட்டப் பாடசாலை ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடியும். அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றதோ 1970களிலேதான். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நின்றவள், பருவம் வந்ததும் கூடையைக் கட்டிக்கொண்டு மலை ஏறினாள். ஐங்கோணம் அவளுக்கு ஒருநாளும் தேவைப்படவில்லை. மாடி வீடு அவள் வாழ்ந்த இடமன்று. காண்டாமிருகம் அவள் கண்ட விலங்கன்று.

ஆனால், கவ்வாத்து வெட்டிய மலையில் எந்த நிரையில் எப்போது கொழுந்து தலைப்படும் என்பதை அவள் அறிவாள். எந்த மாதத்தில் எத்தனை நாள் பேர் விழுந்தது, எத்தனை நாள் அரைப்பேரானது என்பதைத் துண்டில்லாமலே மனத்தில் வைத்துக் கணக்கப்பிள்ளையோடு வாதாடியவள் அவள். இத்தகையவள் முப்பதுக்குப் பதினைந்து வாங்கினால், குன்றியிருப்பது அவளுடைய அறிவா, அவளுக்குக் கிடைக்காத பள்ளிக்கூடமா? தாள் அதனைச் சொல்லாது.

ஆராய்ச்சியாளர்கள் இந்தக் குறையை அறியாதவர்களல்லர். டில்லிக்கு அண்மையிலுள்ள பல்லப்கர் என்னும் ஊரின் கிராமங்களில் எழுத்தறியாத முதியோரை ஆராய்ந்த குழுவினர், 1995இல் ஹிந்தி மொழியில் மாற்றுத் தேர்வொன்றை வெளியிட்டனர். நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பதற்குப் பதிலாக இருபதிலிருந்து மும்மூன்றாகக் கழித்தல். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாகத் தம் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுதல். இது காலையா, மாலையா என்று கேட்டல் என்றவாறு அது அமைந்தது. வினாக்களின் நோக்கம் மாறவில்லை. கேட்கும் முறையே மாறிற்று.

குடும்பத்தின் மௌனம்

இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘பத்து அறுபத்தாறு’ என்ற விசித்திரமான பெயருடைய ஆராய்ச்சிக் குழுவொன்று 1998இல் தோன்றியது. மறதி நோயாளருள் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் வாழ, அவர்களைப் பற்றி நடக்கும் ஆராய்ச்சியோ பத்து வீதத்துக்கும் குறைவு என்ற அநீதியையே அவர்கள் தம் பெயராக்கிக் கொண்டனர். இந்தியாவில் சென்னை மாநகரிலும் வேலூரைச் சார்ந்த கிராமங்களிலும், இவ்வாறே கியூபா, சீனா முதலிய நாடுகளிலும் 65 வயது கடந்தோரை அவர்கள் வீடு வீடாகச் சென்று பரிசோதித்தனர். முடிவுகள் 2008இல் வெளியாயின.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் இலக்கணப்படி எண்ணியபோது, கியூபாவில் நூற்றுக்கு 6.3 பேருக்கு நோய் இருந்தது. இந்தியக் கிராமப்புறத்திலோ வெறும் 0.3. அதே மக்களைத் தம் குழு வகுத்த முறைப்படி எண்ணியபோது, எல்லா நாடுகளிலும் அத்தொகை 5.6க்கும் 11.7க்கும் இடைப்பட்டு நின்றது. ஏன் இத்துணை வேற்றுமை? முன்னைய இலக்கணத்தின்படி, மறதியினால் அன்றாட வாழ்வு பாதிக்கப்பட்டது என்று தெரிந்தாலன்றி அது நோயாகாது. கிராமத்துக் குடும்பத்தார் அவ்வாறு சொல்வதில்லை. கிழவிக்குச் சமையலை மருமகள் செய்கிறாள். கடைக்குப் பேரன் போகிறான். தடுமாற்றம் வெளியே தெரிவதில்லை. தெரிந்தாலும், “வயசு போனா அப்படித்தான்” என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் அடங்கிவிடும்.

ஆகவே, கல்வியற்றோரிடத்தில் தவறு இரு திசையிலும் நேர்கிறது. எழுத்தை நம்பிய தேர்வு, நல்ல அறிவுடையாளை நோயாளியாக்கிவிடும். பழகிப்போன குடும்பமோ உண்மையான நோயாளியையும் நலமுடையவளாக எண்ணிவிடும். ஊவாவின் லயன்களில் இவ்விரு தவறுகளுக்கும் இடமுண்டு. வாலிபர் கொழும்புக்கும், தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் உழைக்கச் சென்றுவிட, கைக்குழந்தையையும் விறகடுப்பையும் ஒருங்கே பார்க்கும் பொறுப்புப் பாட்டியின் தலையில் விழும் வீடுகள் பல. அப்பாட்டியின் நினைவு மெல்ல நழுவுவதை ஒருவரும் கவனியாவிட்டால், ஆபத்து அவளோடு நின்றுவிடாது.

நம் நாட்டிலும் இத்துறையில் நல்ல முயற்சிகள் நடந்துள்ளன. ராகமைப் பகுதியில் 65 வயது கடந்தோரிடையே நிகழ்த்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு ஏறக்குறைய நால்வருக்கு மறதி நோய் இருந்ததைக் காட்டியது. எனினும், ராகமை நகரச் சார்புள்ள ஊர். நமது புள்ளிவிவரத் திணைக்களம் நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகளாகவே நாட்டைப் பகுத்து எண்ணி வருகிறது. ஒன்றில் கண்டதை இன்னொன்றுக்கு அப்படியே பொருத்திவிடல் முறையாகாது.

கோல்ப் ஆடாத பாட்டி

உடற் தளர்ச்சியை அளப்பதிலும் இதே சிக்கல் நேர்கிறது. 2001இல் அமெரிக்காவின் லிண்டா பிரீட் என்னும் அம்மையாரும் துணைவரும் ஐந்து குறிகளை வகுத்தனர்: காரணமின்றி எடை குறைதல், சோர்வு, கைப்பிடியின் வலுக் குன்றல், நடையின் வேகம் குறைதல், உடல் உழைப்புக் குறைதல். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தளர்ச்சி. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாயிற்படி. தளர்ச்சியுற்றவர் சிறு காய்ச்சலிலும் படுத்துவிடுவார்; ஒரு முறை விழுந்தாலும் எழுந்திருப்பது அரிது. இக்குறிகளைக் கொண்டு கேகாலை மாவட்டத்துக் கிராமங்களில் 60 வயது கடந்த 746 பேரை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட கட்டுரையொன்று, நூற்றுக்கு 15 பேர் தளர்ந்தும், 48 பேர் தளர்ச்சியின் வாயிலில் நின்றும் இருந்ததை எடுத்துக் காட்டிற்று.

பிரீட் அம்மையார் ‘உடல் உழைப்பு’ என்ற ஐந்தாவது குறியை அளக்கப் பயன்படுத்திய வினாப் பட்டியல், அமெரிக்கர் ஓய்வு நேரத்தில் செய்வனவற்றைக் கேட்பது. புல்வெட்டுதல், சைக்கிள் ஓட்டுதல், டென்னிஸ், கோல்ப் என்பன அதில் இடம்பெற்றன. விறகுக் கட்டைத் தலையில் வைத்து இருநூறு படி ஏறும் தோட்டத்துப் பாட்டி, இப்பட்டியலின் முன் சோம்பேறியாகிவிடுவாள். கைப்பிடியின் வலுவும் அப்படியே. கொழுந்தெடுத்துப் பழகிய விரல்களின் வலிமையைக் கதிரையிலமர்ந்து எழுதியவர் கையோடு ஒப்பிட்டு எல்லை வகுத்தல் எவ்வாறு பொருந்தும்? அளக்கும் கருவியை வேறு நாட்டிலிருந்து இரவல் பெறலாம். எல்லைக்கோட்டை இங்கேயே வரைய வேண்டும்.

தடுக்கக் கூடியவை

இனி, மறதியும் தளர்ச்சியும் விதியென்று கைகட்டியிருத்தல் தகாது. ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மறதி நோய்க்கு ஏதுவாகும் பதினான்கு காரணிகளை வரிசைப்படுத்திற்று. அவற்றை முற்றாக நீக்க முடியுமாயின், நோயின் ஏறத்தாழ 45 வீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அவர்கள் கணிப்பு. இளமையிற் கல்வியின்மை, செவிப்புலன் குன்றல், பார்வைக் குறைக்கு மருத்துவம் செய்யாமை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தக் கொழுப்பு, புகைத்தல், மிகையான மது, உடற்பருமன், உடற்பயிற்சியின்மை, மனச்சோர்வு, தனிமை, தலையில் அடிபடுதல், காற்று மாசு என்பனவே அவை.

தோட்ட வாழ்வை அறிந்தோர் இப்பட்டியலைக் கண்டால் திகைப்பர். முதலாவது குறை எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே இழைக்கப்பட்டுவிட்டது. அதனை இனி மாற்றவியலாது. ஏனையவற்றுட் பல இன்றும் நம் கைக்குள் இருப்பவை. கண்ணிற் புரை விழுந்தால் அறுவை உண்டு. இரத்த அழுத்தத்துக்கு நாளொரு மாத்திரை உண்டு. பாட்டியோ தலை சுற்றும் நாளில் மாத்திரம் அதனை விழுங்குகிறாள். காது மந்தமாகிவிட்ட தாத்தாவை வீட்டார் பேச்சில் சேர்ப்பதில்லை, அவர் ஒதுங்குகிறார், ஒதுங்கியவரின் மூளை வேலையின்றித் தேய்கிறது. ஜன்னலற்ற லயக் காம்பராவில் விறகுப் புகை தங்குகிறது. புகைபோக்கி ஒன்று அதனை வெளியேற்றும்.

தளர்ந்த உடலும் மீளக்கூடும். 1990இல் போஸ்டன் நகரில் மரியா பியாற்றரோன் என்னும் மருத்துவரும் துணைவரும், தொண்ணூறு வயதை ஒட்டிய பத்து முதியோருக்கு எட்டு வாரம் கால் தசைகளுக்கு எடை தூக்கும் பயிற்சி அளித்தனர். அவர்களுடைய கால்வலு சராசரியாக இரு மடங்குக்கு மேலாயிற்று. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையான 1,260 பேரைக் கொண்டு இரண்டாண்டு நடத்தி 2015இல் வெளியிட்ட சோதனை, நல்லுணவு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கையும் சேர்த்தளித்தால் அறிவாற்றல் மேம்படுவதைக் காட்டியது. இதற்கு விலையுயர்ந்த கூடம் வேண்டியதில்லை. ஒரு பலகையிலிருந்து கைகளை ஊன்றாது எழுந்து அமர்வதை நாளும் பலமுறை செய்யலாம். ரொட்டியும் சம்பலும் மட்டுமாகக் கழியும் உணவோடு பருப்பு, முட்டை, நெத்தலி என்று ஏதேனும் ஒன்றைச் சேர்க்கலாம். தசைக்கு அது உரம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நேற்றுவரை தெளிவாயிருந்தவர் ஓரிரு நாளில் திடீரெனப் பிதற்றத் தொடங்கினால், அது பெரும்பாலும் மூப்பினால் வருவதன்று. தொற்றோ, சிறுநீர்க் கோளாறோ, நீர்வற்றலோ, இரத்தத்தில் சர்க்கரை குறைந்தமையோ காரணமாயிருக்கலாம். அவரைத் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மெல்ல வரும் தடுமாற்றத்திலும், உயிர்ச்சத்து பி12 குறைவு, தைரொயிட் சுரப்பிக் கோளாறு, மனச்சோர்வு ஆகிய தீர்க்கத்தக்க காரணங்கள் மறைந்திருப்பதுண்டு.

வாழ்வு நிறைவானதா?

‘வாழ்க்கைத் தரம்’ என்பதை அளக்க உலக சுகாதார நிறுவனம் 26 வினாக்களைக் கொண்ட பட்டியல் ஒன்றை வகுத்துள்ளது. உடல், உள்ளம், உறவு, சூழல் என்னும் நான்கையும் அது தனித்தனியே ஆராய்கிறது. இவற்றுட் சூழலைப் பற்றிய வினாக்களுக்கு ஒரு லயனிலிருந்து வரும் விடையை ஊகிப்பது கடினமன்று. மகனுக்கும் மருமகளுக்கும் காம்பராவை விட்டுவிட்டு, பனி வீசும் இஸ்தோப்பிலே படுத்துறங்கும் முதியவர். நள்ளிரவில் வழுக்கும் படியிறங்கிச் செல்ல வேண்டிய கழிப்பிடம். ஆஸ்பத்திரிக்குப் போக, மலையிறங்கி வந்து காத்திருக்க வேண்டிய பஸ். வேலையிலிருந்து நின்றபோது ஊழியர் சேமலாப நிதி ஒரே தொகையாகக் கைக்கு வந்தது. மகளின் கலியாணத்திலோ கடனிலோ அது கரைந்தது. மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் அதுவன்று.

ஆயினும், அவர்களிடம் வளமும் இருக்கிறது. மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கையில், எழுத்தறியாத முதியவர் ஏட்டைப் பாராது இரவெல்லாம் பாட்டெடுத்துக் கொடுப்பதைக் காணலாம். பழைய பாட்டு நிலைத்திருப்பதனாலேயே நோயில்லை என்று முடிவு செய்தல் கூடாது; மறதி நோய் முதலில் அரிப்பது அண்மை நினைவை; இளமையில் ஊறிய இசை நெடுநாள் தங்கும். ஆனால், நோயுற்றவரையும் அமைதிப்படுத்தி அவையிலே இருத்தி வைக்க அப்பாட்டு உதவும். ‘என்னையும் ஒரு பொருட்டாகக் கேட்கிறார்கள்’ என்ற உணர்வே மூத்தோருக்கு வாழ்க்கைத் தரத்தின் பெரும்பகுதியாகும்.

செய்யத்தக்கன

பதுளை மாவட்ட மக்களுள் மலையகத் தமிழர் 2012இல் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினெண்மர். அவர்களுடைய மூத்தோருக்கு ஏற்ற அளவுகோலை ஆக்குவது பெரும் பொருட்செலவுள்ள காரியமன்று. தோட்ட மக்கள் காலத்தை ஆண்டெண்ணால் அன்றி நிகழ்ச்சியால் எண்ணுபவர்கள். 1974இன் பஞ்சம், 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தமை, 1992இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றமை என்பன அவர்களின் மைல்கற்கள். “அரசாங்கம் தோட்டத்தை எடுத்தபோது உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?” என்பது பழைய நினைவுக்கு ஒரு வினா. “நேற்றுப் பகல் என்ன கறி?” என்பது அண்மை நினைவுக்கு, விடையை மருமகளிடம் சரிபார்க்கலாம். கொழுந்துக் கூடை, படங்கு, கவ்வாத்துக் கத்தி ஆகியவற்றின் பெயரைக் கேட்கலாம். இத்தகைய வினாக்களைக் கற்றவரிடமும் கல்லாதவரிடமும், நலமுடையோரிடமும் நோயுற்றோரிடமும் கேட்டுப் பரிசோதித்து, எது பிரித்துக் காட்டுகிறது என்று கண்டபிறகே கையாள வேண்டும். அப்பணிக்கு மருத்துவர் வேண்டும். தோட்டத் தமிழறிந்த ஆசிரியரும் மாணவரும் வேண்டும்.

அதுவரையில் குடும்பத்தார் செய்யக் கூடியது, சென்ற வருடத்தோடு இவ்வருடத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதே. சென்ற வருடம் தனியே கோயிலுக்குப் போனவர் இப்போது போகிறாரா? காசைச் சரியாக எண்ணுகிறாரா? சேலை தளர்ந்து தொங்குமளவுக்கு மெலிந்தாரா? படியேற முன்னையினும் நேரமாகிறதா? மாற்றம் தெரிந்தால், அதனைக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் வைத்தியரிடமும் கூறுங்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் மூத்தோரின் உரிமைகளைக் காப்பதற்கென்றே இயற்றப்பட்டது. 60 வயது நிரம்பியோர் முதியோர் அடையாள அட்டையைக் கேட்டுப் பெறலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து வீட்டுக்குச் செல்லும் வாசகர்கள், வெற்றிலையோடு ஒரு முட்டையும் கொண்டு செல்வார்களாக. பாட்டியின் காதருகே அமர்ந்து, அவள் கொழுந்தெடுக்கப் போன முதல் நாளைப் பற்றிக் கேட்பார்களாக. கேட்டபின், மாத்திரையை இன்று விழுங்கினாளா என்பதையும் மறவாது விசாரிப்பார்களாக.